கொள்ளிடக் கழிமுகத்தில் கொடுவா

கொடுவா மீன் தேடிப் போகும் நண்பர்கள் ஒன்றுகூடினால் பேச்சு உடனே தூண்டில் கோலுக்கும் ரீலுக்கும் லூர் என்னும் போலி இரைக்கும் போய்விடுகிறது. எந்தக் கோல் எவ்வளவு வளையும், எந்த லூர் எத்தனை அடி ஆழத்தில் நீந்தும் என்பதில் எனக்கும் மிகுந்த ஈடுபாடு உண்டு; அவற்றைப் பற்றிக் கீழே எழுதவும் போகிறேன். ஆயினும் ஆறு ஆண்டுகளாகக் கொள்ளிடத்தின் கழிமுகத்தில் படகிலிருந்து போலி இரை வீசி மீன் தேடியதில் எனக்கு உறுதியாகப் புரிந்தது ஒன்றுதான்: கொடுவா கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் முதல் வீச்சுக்கு முன்பே, படகு நிற்கும் இடத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. இதை எனக்குக் கற்பித்தவர் அந்தக் கழிமுகத்திலேயே பிறந்து வளர்ந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வலைத்தொழில் செய்த ஒரு படகுக்காரர். நான் அவரை அண்ணன் என்று அழைக்கிறேன். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

கொள்ளிடம், திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிந்து, வடக்கே தனிவழி பிடித்து, பழையாறு மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகே வங்கக் கடலில் கலக்கிறது. காவிரியில் வெள்ளம் வரும்போது பாசன ஆறுகளும் வாய்க்கால்களும் தாங்காத மிகுதி நீரைக் கடலில் கொண்டு சேர்ப்பது இந்த ஆறுதான். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகளை அடித்துக்கொண்டு போன வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் வலு தெரியும். ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு, அணைக்கரையில் உள்ள கீழணைக்குக் கீழே நன்னீர் வரத்து மெலிந்துவிடுகிறது. அப்போது கடல் ஆற்றுக்குள் ஏறி வருகிறது. கரையோரம் வெண்கண்டலும் சுரபுன்னையும் நிற்கும். அவற்றின் வேர்களுக்கு இடையே மடவைக் குஞ்சுகளும் இறாலும் ஒதுங்கும். பக்கத்துச் சதுப்பிலிருந்து சிறு ஓடைகள் ஆற்றில் வந்து விழும். உப்பும் நன்னீரும் கலந்த இந்த இடத்தில்தான் கொடுவா வேட்டையாடுகிறது.

கொடுவா ஆற்றுக்கும் கடலுக்கும் பொதுவான மீன். உப்பு மிகுந்த முகத்துவாரப் பகுதியில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் கடல்நீர் ஏறி இறங்கும் ஓதத்தோடு சதுப்புக்குள் நுழைந்து ஒதுங்குகின்றன. வளரும் மீன்கள் வழி கிடைத்தால் நன்னீர்வரை ஏறிச் சென்று, பருவமடைந்ததும் மறுபடி கீழே இறங்குகின்றன. ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்றும் வங்காளத்தில் பேட்கி என்றும் அழைக்கப்படுவது இதே மீன்தான். ஆப்பிரிக்காவின் நைல் ஆற்றில் பேருருவாக வளரும் நைல் பெர்ச் இதற்கு நெருங்கிய உறவு. இதன் பற்கள் கோரைப் பற்கள் அல்ல. அரத்தைத் தடவினால் இருப்பது போன்ற நுண்ணிய சொரசொரப்புத்தான். ஆகவே இது இரையைக் கடிப்பதில்லை. வாயைச் சட்டென்று அகலத் திறக்கிறது. அதனால் உண்டாகும் இழுவிசையில் இரையும் அதைச் சுற்றியுள்ள நீரும் ஒன்றாக உள்ளே போய்விடுகின்றன. அமைதியான விடியலில் கண்டல் வேருக்கு அடியிலிருந்து 'டொப்' என்று குடத்தை நீரில் கவிழ்த்தது போன்ற ஓசை கேட்டால் அது கொடுவா இரையெடுக்கும் ஓசை. பழந்தமிழில் தூண்டில் முள்ளைக் 'கொடுவாய் இரும்பு' என்று சொல்லியிருக்கிறார்கள், வளைந்த வாயுடைய இரும்பு என்ற பொருளில். கொடுவாய் இரும்பும் கொடுவாவும் ஒரே தூண்டில் நரம்பின் இரு முனைகளில் வந்து நிற்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

இரையை ஒளிந்திருந்து பிடிக்கும் மீன் நீரோட்டத்தின் நடுவே நிற்பதில்லை. ஓட்டத்தை எதிர்த்து நிற்க வலு செலவாகும். அந்த வலுவை மிச்சப்படுத்த, ஓட்டத்தை ஒட்டியிருக்கும் ஏதோ ஒரு மறைவில் நிற்கிறது. விழுந்து கிடக்கும் மரம், பாலத்தின் தூண், கரை வளையும் இடத்தில் ஆழமாகக் கிடக்கும் கசம், மணல்மேட்டின் கீழ்முனை, இவை எல்லாம் அப்படிப்பட்ட மறைவுகள். தலை எப்போதும் நீர் வரும் திசையை நோக்கியே இருக்கும், ஏனென்றால் இரை அந்தத் திசையிலிருந்துதான் வரும். கழிமுகத்தில் இவை எல்லாவற்றையும்விடச் சிறந்த இடம், ஓதநீர் இறங்கும் வற்றத்தின்போது ஓடை வாய். ஏற்றத்தில் சதுப்புக்குள் பரவிப் புல்லுக்கும் வேருக்கும் நடுவே மேய்ந்துகொண்டிருந்த சிறுமீன்கள், நீர் வடியத் தொடங்கியதும் வேறு வழியின்றி அந்த ஓடையின் வழியாகவே ஆற்றுக்கு வந்தாக வேண்டும். சதுப்பு முழுவதற்கும் அது ஒன்றே வாசல். வாசலுக்குப் பக்கத்தில், கலங்கிய ஓடைநீரும் சற்றே தெளிந்த ஆற்றுநீரும் சந்திக்கும் கோட்டில், கொடுவா நின்றுகொள்கிறது.

இது தெரிந்திருந்தும் முதல் ஆண்டு நான் ஏறத்தாழ வெறுங்கையோடுதான் திரும்பினேன். அப்போது வேறொரு படகை வாடகைக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தேன். ஓடை வாய் என்று கண்டதும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டே நேராக அங்கே போய், ஓடை ஆற்றில் விழும் இடத்துக்கு மேலேயே சங்கிலியோடு நங்கூரத்தை இறக்கி, நான்கு பக்கமும் வீசுவோம். பத்துப் பன்னிரண்டு முறை போனதில் ஒன்றரை அடிக்கும் குறைவான இரண்டு கொடுவாக்கள் கிடைத்தன. ஒரு செப்பிலி மீன் லூரோடு வேருக்குள் புகுந்து நரம்பை அறுத்துக்கொண்டு போனது. ஒரு நாள் பக்கத்தில் செவுள் வலையை இழுத்துக்கொண்டிருந்த அண்ணன் எங்களைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "மீனு மேலயே நங்கூரத்தைப் போட்டுட்டு அப்பறம் மீனைத் தேடுறீங்களே தம்பி" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் அந்த ஆண்டின் தவறு முழுவதும் அடங்கியிருந்தது. அடுத்த வாரத்திலிருந்து அவருடைய படகிலேயே போகத் தொடங்கினேன்.

ஓடை வாயை அவர் அணுகும் முறை வேறு. ஏறத்தாழ நூறு மீட்டருக்கு முன்பே இயந்திரத்தை நிறுத்திவிடுவார். பிறகு மூங்கில் கழியை ஊன்றி, கரையை ஒட்டி, ஓடைக்குக் கீழ்ப்பக்கத்திலிருந்து மெல்ல மேலேறுவார். கழியைத் தூக்கும்போது நீர் சொட்டும் ஓசைகூடக் கேட்காதபடி அதைப் பின்னாலேயே இழுத்துச் செல்வார். ஓடை வாய்க்கு இன்னும் பதினைந்து இருபது மீட்டர் இருக்கும்போது, படகின் முன்புறத்தில் ஒரு கழியும் பின்புறத்தில் ஒரு கழியுமாகச் சேற்றில் குத்தி, படகை இரண்டுக்கும் கட்டிவிடுவார். ஃபைபர் படகின் அடித்தளம் ஒரு மத்தளம் போன்றது. ஈயக் குண்டு ஒன்று கைதவறி விழுந்தாலும் ஓசை நீருக்குள் நெடுந்தூரம் போகும். ஆகவே நனைத்த சாக்குகளைப் படகின் உள்ளே விரித்து வைத்திருப்பார். நின்றுகொண்டு வீசும் நான் காலை மாற்றி வைப்பதையும் கவனித்துச் செய்ய வேண்டும்.

படகு மீனுக்குக் கீழ்ப்பக்கத்தில் நிற்பதற்குக் காரணங்கள் இரண்டு. மீனின் முகம் நீர் வரும் திசையில் இருப்பதால் பின்புறத்திலிருந்து வரும் படகை அது காண்பது அரிது என்பது ஒன்று. மற்றொன்று இதைவிட முக்கியமானது. கீழே நின்று மேல்நோக்கி வீசினால், லூர் நீரோட்டத்தோடு சேர்ந்து மீனை நோக்கி வருகிறது. வடியும் நீரில் அடித்து வரப்படும் மடவைக் குஞ்சு வருவதும் அப்படித்தான். மேலே நின்று கீழ்நோக்கி வீசி இழுத்தால், இரண்டங்குலக் குஞ்சு வலுவான ஓட்டத்தை எதிர்த்து ஏறுவது போல லூர் நீந்தும். அப்படி ஏறும் குஞ்சைக் கொடுவா தன் வாழ்நாளில் கண்டிருக்காது. ஆனால் நீரோடு வரும் லூரைக் கையாளுவது கடினம். நீர் லூரை நம்மை நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதால் நரம்பு தொய்ந்துவிடும். தொய்ந்த நரம்பில் மீன் உறிஞ்சியதும் தெரியாது, துப்பியதும் தெரியாது. ஓட்டத்தின் வேகத்தைவிடச் சற்றே கூடுதலாக ரீலைச் சுற்றி, நரம்பைத் தொய்வில்லாமலும் அதே சமயம் லூரைப் பறித்து இழுக்காமலும் வைத்திருக்கும் பழக்கம் கைக்கு வர எனக்கு ஒரு பருவம் முழுவதும் ஆனது.

இனி, எப்போது போவது என்பது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான்; ஆனாலும் கழிமுகத்தின் உயிரோட்டம் முழுவதையும் அதுவே நடத்துகிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றமும் வலுவாக இருக்கும். அட்டமி, நவமியில் நீர் சோம்பிக் கிடக்கும். ஒவ்வொரு நாளும் ஓதம் முந்தின நாளைவிட ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளி வரும். கடற்கரைக்கான ஓத அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஏமாறுவது ஓர் இடத்தில்தான்: முகத்துவாரத்தில் வற்றம் தொடங்கிய நேரத்தில் ஆற்றுக்குள் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி உள்ள ஓடையில் நீர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். எந்த ஓடை எவ்வளவு நேரம் பிந்தித் திரும்பும் என்பதை அண்ணன் மனத்திலேயே வைத்திருக்கிறார். அதனால் முகத்துவாரத்துக்கு அருகில் உள்ள ஓடையில் தொடங்கி, வற்றம் உள்ளே நகர நகர நாங்களும் மேல்நோக்கி நகர்ந்தால், ஒரே காலையில் மூன்று ஓடைகளிலும் நீர் சரியாக இழுக்கும் நேரத்தில் நிற்க முடிகிறது. நீர் முழுதாக நின்றுபோகும் வேளையில் நாங்கள் வீசுவதேயில்லை. அந்த நேரம் சாப்பாட்டுக்கு.

காற்றையும் சொல்ல வேண்டும். தை மாதத்தில் வாடைக்காற்று காலை எட்டு மணிக்கு மேல் வலுக்கும். காற்று ஒரு பக்கமும் நீவாடு என்னும் நீரோட்டம் மறுபக்கமும் இழுத்தால், ஒற்றை நங்கூரத்தில் நிற்கும் படகு கடிகாரத்தின் ஊசலைப் போல ஆடும். ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் இடையே கோணம் மாறிவிடும். சென்ற முறை மீன் உரசிச் சென்ற அதே கோட்டில் லூரைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இரண்டு கழிகளுக்கு நடுவே படகைக் கட்டுவது இதற்காகவும்தான். ஆழம் பத்தடிக்கு மேல் உள்ள கசங்களில் கழி எட்டாது என்பதால் அங்கே மட்டும் நங்கூரத்தை, மீன் நிற்கும் இடத்துக்கு வெகு தொலைவில், கையால் மெதுவாக இறக்கிக் கயிற்றை நீளமாக விடுவோம்.

ஐப்பசி, கார்த்திகை மழைவெள்ளம் கலங்கலாக ஓடும் வாரங்களில் கழிமுகம் வேறு வகையில் நடந்துகொள்கிறது. நன்னீர் உப்புநீரைவிட இலகுவானது. ஆகவே செந்நிற வெள்ளநீர் மேலே ஓட, உப்புநீர் அடியில் ஆப்பு போல நுழைந்து தங்கியிருக்கும். மேற்பரப்பைப் பார்த்தால் மீனே இருக்காது என்று தோன்றும். அந்த நாள்களில் மிதவை லூர்களை எடுத்து வைத்துவிட்டு, பதினைந்து கிராம் ஈயத்தலையில் மாட்டிய ரப்பர் மீனை அடிவரை இறங்கவிட்டு, தரையில் படிந்ததும் எழுப்பி, மீண்டும் படியவிட்டு இழுக்கிறோம். எனக்கு இந்த முறை இன்னும் முழுதாகக் கைவரவில்லை. தைக்குப் பிறகு நீர் தெளியும் காலமே எனக்கு விருப்பமானது.

என்னிடம் உள்ள கருவிகள் அதிகமில்லை. ஏழடிக் கோல் ஒன்று, நாலாயிரம் அளவுள்ள ரீல் ஒன்று, முப்பது ராத்தல் தாங்கும் பின்னல் நரம்பு. பின்னல் நரம்பு நீளாது. சாதாரண நைலான் நரம்பு இழுத்தால் நீண்டுகொடுக்கும். இருபது மீட்டர் தொலைவில் லூர் ஒரு வேரைத் தொட்டதா, மீன் உறிஞ்சியதா என்பதை விரலில் உணர வேண்டுமானால் நீளாத நரம்பு வேண்டும். ஆனால் கொடுவாவின் செவுள்மூடியின் ஓரம் சவரக்கத்தி போன்றது. பின்னல் நரம்பு அதில் உரசினால் அறுந்துவிடும். ஆகவே முனையில் இரண்டு மூன்றடிக்குத் தடித்த நைலான் நரம்பை லீடராகக் கட்டுகிறேன். இந்த லீடரை ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு தட்டினால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுவது சோம்பல் படக் கூடாத வேலை.

இந்த ரீலின் கதை எனக்குப் பிடித்தமானது. பழைய ரீல்களில் வீசும்போது உருளை சுழல வேண்டும்; எடை குறைந்த இரையால் அந்த உருளையைச் சுழற்ற முடியாது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் கம்பளி ஆலை நடத்திய ஹோல்டன் இல்லிங்வொர்த், 1905இல் உருளை அசையாமல் நிற்க, அதன் விளிம்பின் மேலாக நரம்பு வளையம் வளையமாகக் கழன்று போகும் ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். ஆலையில் நூல் கண்டிலிருந்து நூல் உருவிக்கொண்டு போவதைப் பார்த்து வந்த எண்ணம் என்று சொல்வார்கள். தறி வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது எளிதில் விளங்கும். பத்து கிராம் லூரையும் கண்டல் கிளைக்கு அடியில் கொண்டுபோய்ப் போட முடிவது அந்த மாற்றத்தால்தான். லூரின் கதையும் அப்படியே ஒரு கூர்ந்த பார்வையில் தொடங்கியது. ஃபின்லாந்தில் லௌரி ரபாலா என்ற மீனவர், வேட்டை மீன் ஒரு கூட்டத்தைத் தாக்கும்போது அடிபட்டுத் தள்ளாடி நீந்தும் மீனைத் தேர்ந்தெடுப்பதைக் கவனித்தார். 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய தகட்டைப் போர்த்தி, உருக்கிய புகைப்படச் சுருளைப் பூச்சாகப் பூசி, அந்தத் தள்ளாட்டத்தோடு நீந்தும் போலி மீனைச் செய்தார். இன்று நாம் வீசும் லூர்களில் பெரும்பாலானவை அந்தத் தள்ளாட்டத்தின் வழிவந்தவை.

கொடுவாவிடம் இந்தத் தள்ளாட்டத்தைவிடவும் பயன்படுவது அதை நிறுத்துவது. கோலின் நுனியை இரண்டு முறை வெட்டி இழுத்துவிட்டு, மூன்று நொடி சும்மா விடுவேன். லூர் நின்று, அசைந்து, மெல்ல மேலெழும். பெரும்பாலான கொடுவாக்கள் அந்த மூன்று நொடியில்தான் எடுக்கின்றன. புதிதாக வருபவர்களுக்கு அந்த நொடிகள் மிக நீளமாகத் தோன்றும். கை தானாகவே ரீலைச் சுற்றத் தொடங்கிவிடும். அந்தக் கையை அடக்க மனத்துக்குள் எண்ணிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

சென்ற தை மாதம் தேய்பிறைத் துவாதசி அன்று நடந்ததை எழுதுகிறேன். பொழுது விடிவதற்கு முன்பே கிளம்பினோம். ஏற்றம் முடியும் நேரம். முதல் ஓடையில் நீர் திரும்பி, ஓடை வாயில் நுரைக்கோடு தெரியத் தொடங்கியபோது ஏழரை மணி இருக்கும். அண்ணன் படகைக் கழிகளில் கட்டிவிட்டு, வெகுநேரம் ஒன்றும் சொல்லாமல் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தச் சாஞ்ச கண்டலுக்கு இப்பால ஒரு முழம் தள்ளிப் போடுங்க தம்பி, மரத்தோரம் வேணாம்" என்றார். மரத்தின் நிழலுக்குள் போட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் சொன்ன இடத்தை உற்றுப் பார்த்தபோதுதான், மடவைக் குஞ்சுகள் ஓடையிலிருந்து வெளியே வந்ததும் அந்த ஒரு முழ இடத்தில் மட்டும் கலைந்து சிதறுவது தெரிந்தது.

முதல் இரண்டு வீச்சில் ஒன்றுமில்லை. மூன்றாவது வீச்சில், லூரை நிறுத்தி இரண்டு எண்ணியபோது நரம்பு கனத்தது. அடித்தது போல இல்லை. யாரோ ஈரத்துணியை அதன்மேல் போட்டது போல இருந்தது. கோலைப் பக்கவாட்டில் அகலமாக இழுத்தேன். அடுத்த நொடி மீன் நீரைவிட்டு முழு உடலோடு எழுந்து, வாயைத் திறந்தபடி தலையை உதறியது. அதன் செவுள்கள் மோதிக்கொள்ளும் ஓசை படகுவரை கேட்டது. மீன் எழும்பும்போது கோலை உயர்த்திப் பிடித்தால் அந்த உதறலில் முள் தெறித்துவிடும். நுனியை நீருக்குள் அமிழ்த்தி, நரம்பைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்தால் மீன் மீண்டும் எழும்ப இடம் குறைவு. அதைச் செய்தேன். மீன் எழும்புவதை விட்டுவிட்டுக் கண்டல் வேர்களை நோக்கித் திரும்பியது. அந்த வேர்களில் சிப்பி அடைந்திருக்கும். நரம்பு அங்கே ஒரு முறை உரசினால் போதும்.

இங்கேதான் படகு எவ்வளவு பெரிய கருவி என்பதைக் கண்டேன். நான் ரீலின் இறுக்கத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் முன்கழியை ஒரே இழுப்பில் பிடுங்கி, பின்கழியின் கட்டை அவிழ்த்துவிட்டார். வற்றம் படகைப் பிடித்து ஆற்றின் நடுவுக்கு இழுத்தது. மீனோடு இழுபறி நடத்துவது என் கை மட்டுமாக இல்லாமல், படகின் முழு எடையும் ஆற்றின் ஓட்டமும் சேர்ந்து அதை வேர்களிலிருந்து வெளியே கொண்டுவந்தன. நங்கூரமாக இருந்திருந்தால் அதைத் தூக்கி முடிப்பதற்குள் மீன் வேருக்குள் போயிருக்கும். திறந்த நீருக்கு வந்த பிறகு ஏறத்தாழ பத்து நிமிடத்தில் மீன் படகோரம் வந்தது.

கைவலைக்குள் நீரிலேயே வைத்து அளந்தேன்: தொண்ணூற்று நான்கு சென்டிமீட்டர். என் தூண்டிலில் வந்த கொடுவாக்களில் அதுதான் பெரியது. அதன் முதுகு ஆலிவ் கலந்த சாம்பல் நிறத்திலும் விலா புதிதாகத் துலக்கிய வெள்ளிப் பாத்திரம் போலவும் இருந்தன. லூரின் பின்முள் மட்டும் வாயோரத்தில் ஏறியிருந்தது, குறடால் எடுத்தேன்.

அந்த மீனை விட்டுவிட்டோம். ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கழிமுகத்தில் வலைத்தொழிலை நம்பி வாழ்பவர்களின் நடுவே நின்றுகொண்டு பெரிய மீனை விடுவது எளிதாக விளங்கும் செயல் அன்று. கொடுவாக்களில் பெரும்பாலானவை ஆணாகத்தான் பருவமடைகின்றன. சில ஆண்டுகள் ஆணாக இருந்து இனம்பெருக்கிய பிறகு, ஏறத்தாழ ஆறிலிருந்து எட்டு வயதில், மூன்றடியை நெருங்கும்போது பெண்ணாக மாறுகின்றன. ஆகவே பெரிய மீன் என்றாலே அநேகமாகத் தாய்மீன். ஒரு பருவத்தில் அது இடும் முட்டைகள் பல பத்து லட்சம். சிறியவற்றை விட்டுவிட்டுப் பெரியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டே போனால், எடுக்கப்படுவது முழுவதும் தாய்மீனாகவே இருக்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஐம்பத்தெட்டு சென்டிமீட்டருக்குக் குறைந்த பாரமுண்டியையும் எடுக்கக் கூடாது, நூற்று இருபதுக்கு மேற்பட்டதையும் எடுக்கக் கூடாது என்று விதி வைத்திருப்பது இதனால்தான். நம்மிடமும் இந்த மீனைப் பற்றிய அறிவு குறைவில்லை. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இலேயே கொடுவாவைத் தொட்டியில் வைத்து இனப்பெருக்கம் செய்யவைத்தது, இந்தியாவில் முதல்முறையாக. இன்று குளங்களில் வளர்க்கப்படும் கொடுவாக் குஞ்சுகளுக்குப் பின்னால் அந்த வேலை இருக்கிறது. ஆனால் ஆற்றுக் கொடுவா தன்னைத்தானேதான் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

அண்ணனுக்கு இது முதலில் ஏற்புடையதாக இல்லை. அந்த அளவுள்ள ஒரு கொடுவாவைக் கரையில் விற்றால் அவருக்கு அன்றைய படகு வாடகையைவிட அதிகம் கிடைக்கும். அதை நீரில் விடச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்ற கேள்வி நியாயமானது. ஆகவே இரண்டாவது ஆண்டில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். இரண்டடிக்குக் குறைந்ததும் இரண்டரை அடிக்கு மேற்பட்டதும் நீருக்குப் போகும். இடைப்பட்டவற்றில் நாளொன்றுக்கு ஒன்று அவர் வீட்டுக்கு. விடப்படும் பெரிய மீனுக்கு, வாடகைக்கு மேல் ஒரு தொகையை நான் அவருக்குத் தருகிறேன். மீனைப் பிடிக்கும் இன்பம் எனக்கு என்றால், விடுவதன் செலவும் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். தூண்டில்காரர்கள் பலர் விடுவதைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதைப் பேசுவதில்லை. இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

விடுவதிலும் முறை இருக்கிறது. வாயைப் பிடித்துச் செங்குத்தாகத் தூக்கினால் தன் எடையாலேயே மீனின் முதுகெலும்பும் உள்ளுறுப்புகளும் இழுபடும். ஈரக்கையால் வயிற்றுக்கு அடியில் ஏந்தி, தலை நீரோட்டத்தை நோக்கி இருக்குமாறு நீருக்குள்ளேயே பிடித்திருந்தால் செவுள்களின் வழியே நீர் தானாக ஓடும். முன்னும் பின்னும் தள்ளி இழுக்க வேண்டியதில்லை. அன்று இரண்டு மூன்று நிமிடம் அப்படி வைத்திருந்தேன். வால் ஒருமுறை வலுவாக அசைந்தது. என் மணிக்கட்டை நனைத்துவிட்டு, படகின் அடியாகவே ஆழத்துக்குப் போனது. "அடுத்த வருசம் இதே ஓடைல நிக்கும் பாருங்க" என்று அண்ணன் சொன்னார்.

மேலும் இரண்டு ஓடைகளுக்குப் போனோம். ஒன்றில் இரண்டடியைத் தாண்டிய ஒரு கொடுவா கிடைத்தது. அது அவர் வீட்டுக்குப் போயிற்று. மூன்றாவது ஓடையில் காற்று வலுத்து, கழிகளை மீறிப் படகு ஆடத் தொடங்கியதால் வீசுவதை நிறுத்திவிட்டோம்.

இந்த ஆண்டு மழைவெள்ளத்துக்குப் பிறகு அந்த முதல் ஓடை வாய் மாறிவிட்டது. சாய்ந்திருந்த கண்டல் இல்லை. ஓடைக்குக் கீழ்ப்பக்கம் புதிதாக ஒரு மணல்மேடு எழும்பி, நீர் அதைச் சுற்றிக்கொண்டு வேறு கோணத்தில் ஆற்றில் விழுகிறது. போன வாரம் கோல் எடுக்காமல் நாங்கள் இருவரும் போய், அண்ணன் கழியால் ஒவ்வோரடியாக ஆழம் குத்திப் பார்க்க, நான் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். மேட்டின் கீழ்முனையில் நான்கடியாக இருந்த ஆழம் சட்டென்று ஒன்பதடிக்கு இறங்குகிறது. மடவைக் கூட்டம் அந்த இறக்கத்துக்கு மேலாகத்தான் கடந்து போகிறது. படகை அதற்குக் கீழே தென்கரையை ஒட்டி நிறுத்தலாமா, அல்லது மேட்டின் மேலேயே தரைதட்டி நிறுத்திக் குறுக்கே வீசலாமா என்பதில் எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. வரும் தேய்பிறையில் இரண்டையும் செய்து பார்க்கப் போகிறோம்.